பிள்ளையின் காலில் விழுந்த கோடு



சென்ற ஆண்டு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காகக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்திற்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பிள்ளையின் பெயரும் வேண்டாம். விஷயம் மட்டும் போதும்.

பூசை முடிந்து சோறு போடும் நேரம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பந்தலில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்க, ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று மட்டும் நீளக் காற்சட்டையோடு பாட்டி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மலைக்குளிர்தான், ஆனாலும் உச்சி வெயில் நேரம். "ஏம்மா, நீ விளையாடப் போகலியா?" என்று கேட்டேன். பிள்ளை பேசவில்லை. பாட்டிதான் தணிந்த குரலில், "அதுக்குக் கால்ல ஒரு கோடு விழுந்திருக்குங்கய்யா. லயத்துல யாரும் சேர்த்துக்க மாட்றாங்க" என்றார்.

பிறகு வீட்டுக்குள் கூட்டிப் போய்க் காட்டினார்கள். இடது தொடையின் பின்புறம் தொடங்கி, முழங்கால் மடிப்பைத் தாண்டி, ஆடுசதை வழியாகக் கணுக்கால் வரைக்கும் ஒரே கோடு. சுண்டு விரல் அகலம்கூட இல்லை. கிட்டே பார்த்தால் கோடு அல்ல, கடுகு கடுகாகச் சின்னப் பொரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேலே கொஞ்சம் சிவப்பு. கீழே போகப் போக வெளுப்பு. பெருவிரல் நகத்திலும் நெடுக்காக ஒரு வெடிப்பு. இரண்டு மாதத்திற்கு முன், ஒரே வாரத்தில் சரசரவென்று இறங்கியதாம். வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. எப்போதாவது இலேசான அரிப்பு.

இந்த இரண்டு மாதத்தில் அந்தக் காலுக்கு நடந்த வைத்தியத்தைக் கேளுங்கள். முதலில் பாட்டி, "அக்கி" என்று முடிவு கட்டினார். ஊரில் குயவர் வீட்டில் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதுவார்கள் அல்லவா? இங்கே குயவருக்கு எங்கே போவது? ஆகவே, பாட்டியே காவியைக் குழைத்து எழுதினார். போகவில்லை. அடுத்த லயத்துக்காரர், "இது பூரான் ஓடின தடம்" என்றார். அதற்கு ஒரு பச்சிலை. காய்கறித் தோட்டத்துச் சீனக் கிழவர் ஒருவர் பார்த்துவிட்டு, "பாம்பு" என்றாராம். அக்கியை அவர்கள் பாம்பு என்பார்கள்; தலையும் வாலும் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்தால் ஆள் தப்பாது என்பது அவர்கள் பயம். கடைசியில் பசார் மலாமில் பத்து வெள்ளிக்கு ஒரு கிரீம் வாங்கினார்கள். டப்பாவில் எழுத்தே சரியாக இல்லை. அதைப் போட்ட பிறகுதான் வெளுப்பு அதிகமானது என்று தாய் சொன்னார்.

வெளுப்பைப் பார்த்ததும் யாரோ ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்: "கூஸ்தா."

அதாவது, குஷ்டம். அன்றிலிருந்து பிள்ளைக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பள்ளிக்கூடம் மட்டும் போகிறது; அதுவும் காற்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு. "ஆஸ்பத்திரிக்குப் போனா அது குஷ்டம்தான்னு எழுதிட்டா என்னங்கய்யா பண்றது? சுங்கை பூலோவுக்குக் கொண்டு போயிட்டா?" என்று தாய் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பயத்தை அறியாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அதற்கு வரலாறு இருக்கிறது. சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930-இல் திறக்கப்பட்டது. மருந்து இல்லாத காலம்; நோய் கண்டவர்களைச் சட்டப்படி பிடித்துக்கொண்டு போய் அங்கே வைத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். நமது தோட்டங்களில் அந்தப் பெயரைக் கேட்டாலே பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வது அதனால்தான். ஆனால், அந்தக் காலம் போய்விட்டது. இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் அதைச் சிபாரிசு செய்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணம். மருந்து தொடங்கிய சீக்கிரத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. வீட்டிலிருந்தபடியே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். யாரும் யாரையும் கொண்டுபோய் அடைப்பதில்லை. ஆகவே, அது குஷ்டமாகவே இருந்தாலும்கூட, பிள்ளையை மறைத்து வைப்பதுதான் கெடுதல், காட்டுவது அல்ல.

இதைச் சொல்லித்தான் அந்தத் தாயைச் சம்மதிக்க வைத்தேன். "ஒரு நாள் போனா ஒரு நாள் சம்பளம் போச்சுங்க" என்று இழுத்தார். உண்மைதான். மலையில் கொழுந்து வெட்டுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. இருந்தாலும் அடுத்த வாரமே மூன்று பேருமாகப் புறப்பட்டார்கள். அரசாங்கக் கிளினிக்கில் பார்த்த டாக்டர் அம்மா, பெயர் தெரியாத நோய்க்கு மருந்து எழுதாமல், தோல் நிபுணருக்குச் சூராட் எழுதிக் கொடுத்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

நிபுணர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் திரித்தார். பிள்ளையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோட்டின் மேல் ஓர் இடம், கோட்டுக்கு வெளியே ஓர் இடம் என்று மாற்றி மாற்றித் தொட்டார். "தொடும்போது 'ஆங்' சொல்லணும், சரியா?" பிள்ளை ஓர் இடம் விடாமல் சொல்லிவிட்டது. முழங்காலின் பக்கத்திலும் கணுக்கால் பக்கத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். தடிக்கவில்லை. தொழுநோயின் தேமலில் பெரும்பாலும் தொடு உணர்ச்சி மங்கிப்போகும், நரம்பு தடிக்கும். இங்கே இரண்டும் இல்லை. பாட்டியைப் பார்த்து, "இது கூஸ்தா இல்லை" என்று அவர் மலாயில் சொன்னதும் பாட்டி அங்கேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாராம்.

அப்படியானால் அது என்ன?

அதற்குப் பெயர் லைக்கன் ஸ்ட்ரையாட்டஸ். வாயில் நுழையாத பெயர்தான். லைக்கன் என்றால் மரத்திலும் கல்லிலும் படரும் பாசி. பிரிஞ்சாங் மலைக்காட்டிலும், வயதான தேயிலைச் செடியின் அடித்தண்டிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல். ஸ்ட்ரையாட்டஸ் என்றால் கோடு போட்டது. பாசி மாதிரி படர்ந்த கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் பாசி, தோலில் பாசியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, புழுவும் இல்லை. 1941-இல் அமெரிக்காவில் செனியர், காரோ என்ற இரண்டு டாக்டர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பே 1898-இல் பிரான்சு நாட்டு டாக்டர்கள் இதே நோயை வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள்.

இது அபூர்வமான நோய். வந்தால் பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரும்; ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். கை அல்லது கால், அதிலும் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ நீளும், பிறகு நிற்கும். பல மாதங்கள் அப்படியே கிடந்துவிட்டு, சாதாரணமாக ஓர் ஆண்டுக்குள் தானாகவே அடங்கிப்போகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். நகத்தில் வந்தால் இன்னும் தாமதம். நமது போன்ற கறுத்த தோலில் ஒரு சிக்கல் உண்டு. பொரி அடங்கிய பிறகும் வெளுத்த தடம் மட்டும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நிற்கும். சில பிள்ளைகளுக்குப் பொரியைக் கவனிக்காமல், வெளுத்த பிறகுதான் தாய்மார் பார்க்கிறார்கள். பயமும் அங்கேதான் தொடங்குகிறது. அந்த வெளுப்பு, சாயம் குறைந்த தோல், அவ்வளவுதான்.

ஏன் கோடாக வருகிறது? இந்தக் கேள்வியைத்தான் பாட்டியும் கேட்டார்.

பெர்லின் நகரில் ஆல்பிரட் பிளாஷ்கோ என்று ஒரு தோல் டாக்டர் இருந்தார். தொழிலாளர்களுக்கு வேலையால் வரும் தோல் நோய்களில் அக்கறை கொண்டவர். வேடிக்கை என்னவென்றால், மேமல் என்ற வட்டாரத்தில் தொழுநோய் கண்டபோது அதை ஆராய்ந்து 1897-இல் எழுதியவரும் அவரே. கோடு கோடாகத் தோல் நோய் வந்த 140-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, ஒவ்வொருவர் உடம்பிலும் கோடு எப்படி ஓடுகிறது என்று பொம்மைகளின் மேலும் சிலைகளின் மேலும் வரைந்து வைத்தார். நம் ஊர்க் குயவர் அக்கிக்கு ஆள் மேலே எழுதினார். இவர் பொம்மை மேலே எழுதினார்! எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. முதுகில் ஆங்கில 'வி' எழுத்துப் போல. வயிற்றுப் பக்கம் 'எஸ்' எழுத்துப் போல வளைந்து. கை கால்களில் நெடுக்காக. இந்தக் கோடுகள் நரம்பின் வழியும் அல்ல, இரத்தக் குழாயின் வழியும் அல்ல. 1901-இல் இதை அவர் வெளியிட்டார். இன்றும் அவற்றுக்குப் பிளாஷ்கோ கோடுகள் என்றே பெயர்.

அந்த வழி எப்போது போடப்பட்டது? தாயின் வயிற்றில். காலையில் பெரட்டு முடிந்ததும் ஆட்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து மலைச்சரிவில் ஏறுகிறார்கள் அல்லவா? கருவில் தோல் உண்டாகும்போது தோலின் உயிரணுக்களும் அப்படித்தான் முதுகுத் தண்டிலிருந்து வரிசை பிடித்துப் பரவுகின்றன. அதில் ஏதோ ஒரு வரிசையில் மட்டும், மற்றவற்றிலிருந்து நூலளவு வேறுபாடு உள்ள அணுக்கள் போய்விட்டால், அந்தப் பட்டை அப்படியே தோலில் தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து என்றோ ஒருநாள் உடம்பின் காவல் படை அந்த வரிசையை மட்டும் அந்நியன் என்று எண்ணித் தாக்குகிறது. தோல் பொரிந்து சிவப்பது அதனால்தான். சில மாதத்தில் காவல் படை அடங்கிவிடுகிறது, கோடும் அடங்குகிறது. மருத்துவர்கள் இன்று கருதுவது இதுதான்.

ஆகவே, இது ஒருவரைத் தொட்டு இன்னொருவருக்கு வராது. தட்டிலும் இல்லை, பாயிலும் இல்லை. பிள்ளை சுத்தக் குறைவாக இருந்ததால் வரவில்லை, தாய் மசக்கையில் எதையோ தின்றதால் வரவில்லை, கிரகணத்தால் வரவில்லை, தேயிலைக்கு அடிக்கும் மருந்தை இதற்குக் காரணமாகச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. (மருந்து அடிப்பவர்களுக்கு வேறு தோல் தொல்லைகள் வரும். அது தனிக்கதை, இன்னொரு வாரம் எழுதுகிறேன்.)

சரி, இனிமேல் கோடு என்றாலே கவலை இல்லை என்று இருந்துவிடலாமா? கூடாது. கோடாக வருவது எல்லாம் ஒன்றல்ல.

அக்கி, நம் பாட்டிமார் சொல்வது போல, உண்மையான நோய்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, பிற்காலத்தில் அந்த நரம்பின் வழியே கொப்புளமாகக் கிளம்புவது. மலாய்க்காரர்கள் காயாப் என்பார்கள். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். எரிச்சலும் குத்தலும் இருக்கும். கொப்புளம் கண்ட மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போனால் கிருமியை அடக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்யும். காவி எழுதிக்கொண்டு அந்த மூன்று நாளை விட்டுவிடக் கூடாது. கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும்.

கீழ்நாட்டு எஸ்டேட்டுகளில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்னொரு கோடு தெரிந்திருக்கும். செமுட் சார்லி என்ற ஆரஞ்சும் கறுப்புமான பூச்சி. பெயர் எறும்பு, ஆள் வண்டு. அது கடிப்பதில்லை, நாம்தான் தோலில் வைத்து நசுக்கி விடுகிறோம். அதன் உடம்பில் உள்ள நஞ்சு பட்ட இடம், ஓரிரு நாளில் சாட்டையால் அடித்தது போலக் கோடாக வெந்து போகும். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிறந்த சில மாதத்திலோ முதல் நான்கைந்து வயதுக்குள்ளோ காலில் வந்து, சிவந்து, செதில் தட்டி, பிள்ளையை இராத்திரி தூங்க விடாமல் அரிக்கும் கோடு ஒன்று உண்டு. அது இந்த நோய்க்குச் சித்தப்பா மகன் மாதிரி. 1971-இல்தான் டாக்டர்கள் அதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்கள். அது தானாகப் போவது அரிது; தொடர்ந்து வைத்தியம் வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு ஒன்றை. கோடு விழுந்த இடத்தில் தோல் கெட்டியாகி, மெழுகு பூசியது போல் பளபளத்து, கிள்ளினால் மேலே வராமல் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் தாமதம் செய்யாதீர்கள். அது தோலோடு நிற்காது. வளரும் பிள்ளையின் சதையையும் எலும்பையும் இறுக்கி, ஒரு கால் சூம்பிக் குட்டையாகிப் போகலாம். மூட்டு மடங்காமல் போகலாம். நெற்றியில் வந்தால் வாளால் வெட்டியது போலப் பள்ளம் விழும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெருமளவு தடுக்க முடியும். ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனால், போன சதை திரும்பாது.

எது எது என்று லயத்தில் உட்கார்ந்து நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு தடவையாவது டாக்டர் பார்க்க வேண்டும் என்பது அதற்குத்தான். மலையில் இருப்பவர்களுக்குத் தானா ராத்தாவில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பிரிவில் 1 ரிங்கிட். தோல் நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்கோ குவாந்தானுக்கோ இறங்க வேண்டியிருக்கும். அந்த நாள் கூலியும் பஸ் காசும் யார் தருவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடையாளக் கார்டு சிக்கல் தீராத குடும்பங்களுக்கோ வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்த பாட்டியின் பேரப்பிள்ளைக்கு வெளிநாட்டவர் கட்டணம்! தொழிற்சங்கமும் அரசியல்வாதிகளும் பேச வேண்டிய விஷயம் இது.

போகும்போது ஒரு யோசனை. கைத்தொலைபேசியில் மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், கோட்டைப் படம் பிடித்து வையுங்கள். நிபுணரிடம் முறை கிடைக்கப் பல வாரம் ஆகும். அதற்குள் கோடு மாறிவிடும். அது எப்படி ஓடியது என்பதைப் படம் சொல்லும். வீட்டில் போட்ட மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிரீம் டப்பாவையும் கொண்டு போங்கள்.

அந்தப் பத்து வெள்ளி டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளுக்க வைக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், கடுமையான ஸ்டீராய்டு எல்லாம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, சுகாதார அமைச்சு பலமுறை அவற்றை விற்பனையிலிருந்து நீக்கியிருக்கிறது. பதிவு செய்த மருந்து என்றால் டப்பாவில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். அழகுச் சாமான் என்றால் 'நோட்' என்று தொடங்கும். எண்ணே இல்லாததைப் பிள்ளை மேல் பூசாதீர்கள். லைக்கன் ஸ்ட்ரையாட்டசுக்கு மருந்தே தேவைப்படாத பிள்ளைகள்தான் அதிகம். அரிப்பு இருந்தால் டாக்டர் மெல்லிய ஸ்டீராய்டு களிம்பு கொஞ்ச நாளுக்குக் கொடுப்பார். வெளுத்த தடத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்தப் பிள்ளைக்கும் டாக்டர் சாதாரணத் தோல் கிரீம் ஒன்றைத்தான் கொடுத்தார். "மருந்தே எழுதாம அனுப்பிட்டாருங்கய்யா" என்று பாட்டிக்குக் குறைதான். இத்தனை தூரம் பஸ் பிடித்துப் போய், ஊசிகூடப் போடவில்லை என்றால் எப்படி மனசு ஆறும்? ஆனால், ஒரு காரியம் செய்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைத் தூக்கிக்கொண்டு போய் லயத்தில் வீடு வீடாகக் காட்டினார். படிக்கத் தெரியாதவர். "சர்க்கார் டாக்டரே எழுதியிருக்காரு, ஒட்டாதுன்னு. வாசிச்சுப் பாரு" என்று ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். தாளில் எழுதியிருந்தது மலாயும் ஆங்கிலமும் கலந்த நாலு வரி. எத்தனை பேருக்குப் புரிந்ததோ தெரியாது. தனித் தட்டு அன்றைக்கே போயிற்று.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கும் போயிருந்தேன். பிள்ளை அரைக் காற்சட்டையோடு பந்தலில் ஓடிக்கொண்டிருந்தது. பொரி ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால் ஆடுசதையில் மட்டும் வெளிறிய தடம். என்னைக் கண்டதும் பாட்டி பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, பெருவிரலைக் காட்டினார்.

"இந்த நகம் மட்டும் இன்னும் வெடிப்பாவே இருக்குங்கய்யா."

"நகத்துக்கு நாளாகும்னு டாக்டர் சொன்னாரே, பாட்டி."

"சொன்னாரு, சொன்னாரு. நானும் மாசா மாசம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.